தாய்க்குத் தராத பணம்

அநாதை இல்லம் என்றதும் பெற்றோரை இழந்த குழந்தைகள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். லண்டன் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடலில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் பலருக்கும் அம்மா உயிரோடு இருந்தாள். அவள்தான் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். பெயரில் ஹாஸ்பிடல் இருந்தாலும் அது குழந்தைகள் காப்பகம்.

தெருவோரம் வீசப்பட்ட சிசுக்களைக் கண்டு மனம் பொறுக்காத தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், பல ஆண்டுகள் அலைந்து 1739இல் அரச சாசனம் பெற்றார். முதலில் துணிந்து கையெழுத்திட்டவர்கள் பிரபுக் குடும்பத்துப் பெண்கள், 21 பேர். நிர்வாகக் குழுவிலோ ஆண்கள் மட்டுமே அமர்ந்தார்கள்.

1741இல் கதவு திறந்தது. இடத்தைவிடக் கூட்டம் அதிகமானதால், மறுஆண்டு குலுக்கல் முறை வந்தது. தாய் ஒரு பைக்குள் கைவிட்டுப் பந்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் குழந்தைக்கு இடம், சிவப்பு வந்தால் காத்திருப்பு, கறுப்பு வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். 1756 முதல் 1760 வரை நாடாளுமன்றம் பணம் தந்ததால் வந்த குழந்தைகள் எல்லோரையும் ஏற்றார்கள். ஏறக்குறைய 15,000 பேர் சேர்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனார்கள். அரசு கையை விரித்தது.

அதன்பின் தாய் மனுப் போட்டு, ஆண்கள் அமர்ந்த குழுவின் முன் நின்றாள். 19ஆம் நூற்றாண்டில் விதிகள் இறுகின: இது முதல் குழந்தையாக இருக்க வேண்டும், அதற்கு முன் அவள் நல்லொழுக்கத்தோடு வாழ்ந்திருக்க வேண்டும். தகப்பன் விட்டுப் போய்விட்டானா என்று கேட்டார்கள். ஒழுக்கத்துக்குச் சான்று காட்ட வேண்டியவள் அவள் மட்டும்தான்.

உள்ளே சென்ற குழந்தைக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். பின்னாளில் அடையாளம் காண ஒரு துண்டுத் துணியோ நாணயமோ பதிவேட்டோடு சேர்ந்து கிடந்தது. 1741 முதல் 1760 வரை சேர்ந்த 16,282 குழந்தைகளில் தாயிடம் திரும்பியவர்கள் 152 பேர்.

இந்தக் காப்பகம் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை குழந்தைகள் தெருவிலேயே செத்திருக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பல உயிர்கள் அங்கே பிழைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் கணக்குப் புத்தகத்தை இன்னொரு முறை பார்ப்போம். வந்த சிசுவை நிர்வாகம் கிராமத்துக்கு அனுப்பி, அங்கே ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கூலி கொடுத்துப் பாலூட்டி வளர்க்கச் சொன்னது. சுமார் ஐந்து வயதில் அவளிடமிருந்தும் பிள்ளையைப் பிரித்து லண்டனுக்குக் கொண்டுவந்தது. ஆக, ஒரு பெண் வீட்டிலிருந்தபடி அந்தக் குழந்தையை வளர்க்கப் பணம் இருந்தது. பெற்றவளுக்கு அதைத் தருவதில்தான் தடை இருந்தது.

அவளுக்குக் கொடுத்தால் தவறுக்குப் பரிசு கொடுத்ததாகும் என்று அன்றைய சமூகம் நினைத்தது. வீட்டுவேலை செய்தவள் பிள்ளை பெற்றது தெரிந்தால் வேலை போகும். அந்த அநியாயத்தைத் தொடாமல், பிள்ளையை மறைத்து அவள் மானத்தைக் காப்பதே உதவி என்றானது. மறைக்க இடம் கிடைத்ததால், மானம் என்ற அளவுகோலை யாரும் கேள்வி கேட்கவில்லை.

அங்கு குழந்தைகள் தங்கி வளரும் முறை 1954இல் முடிவுக்கு வந்தது. கோரம் பெயரில் அந்த அறக்கட்டளை இன்றும் குழந்தைகளுக்காக இயங்குகிறது. எந்த ஊரில் எந்தக் காப்பகத்தைப் பார்த்தாலும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: இந்தக் குழந்தைக்காகச் செலவாகும் தொகை முதலிலேயே அதன் அம்மாவின் கைக்குப் போயிருந்தால், அவள் இங்கே வந்திருப்பாளா?