பற்றுதலும் விடுதலும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில் ஒரு குருமடம் இருக்கிறது. மலையாள மொழிக்கு ‘அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு’ என்னும் அருங்கொடையை வழங்கிய துஞ்சத்து எழுத்தச்சன் தமது இறுதிக் காலத்தைக் கழித்த இடம் அது என்பது மரபு. அவரது காலம் 16-ஆம் நூற்றாண்டு என்பர். நம்முடைய ஆடி மாதத்தை ஒட்டி வரும் கர்க்கடகத்தில், கேரளத்து இல்லங்களில் மாலை விளக்கேற்றியதும் இந்நூல் பாராயணம் செய்யப்படுகிறது. கோவை எல்லையைத் தொட்டிருக்கும் சித்தூர் வட்டாரத்தில் தமிழ் பேசுவோரும் மிகுதி. அங்கே கம்பரும் எழுத்தச்சனும் அண்டை வீட்டார்.

அந்நூலின் அயோத்தியா காண்டத்தில் லக்ஷ்மணோபதேசம் என்றொரு பகுதி உண்டு. பட்டாபிஷேகம் தடைப்பட்ட செய்தி கேட்டு இலக்குவன் கொதித்தெழுகிறான். ஸ்ரீராமர் அவனை அருகில் அழைத்து, தோல், தசை, குருதி, எலும்பு ஆகியவற்றின் கூட்டமே இவ்வுடல் என்றும், ‘இதுவே நான்’ என்னும் எண்ணமே அவித்யை என்றும், சினம் அங்கிருந்தே பிறக்கிறது என்றும் எடுத்துரைக்கிறார்.

இதைக் கேட்கும் அன்பர்கள் சிலர் இரண்டு தவறான முடிவுகளுக்கு வருவதுண்டு. உடல் வெறும் தசைப் பிண்டம், எனவே அதைப் பேணுவது வீண் என்பது ஒன்று. பற்றை விடுவது என்றால் தளர்ந்து போவது, கையாலாகாதவனுக்கே அது பொருந்தும் என்பது மற்றொன்று. முதல் முடிவு உடலைக் கெடுக்கிறது. இரண்டாவது சாதனையையே கெடுத்துவிடுகிறது. வியப்பு என்னவென்றால், இவ்விரண்டையும் மறுக்கும் சான்று, இகழப்பட்ட அந்தத் தசைக்குள்ளேயே இருக்கிறது.

மனித உடலில் எலும்போடு இணைந்த தசைகள் 600-க்கும் மேற்பட்டவை. உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அவை. ஒரு தசையைப் பிரித்துக்கொண்டே போனால் இழைகளின் கற்றை; ஒவ்வோர் இழைக்குள்ளும் அதனினும் நுண்ணிய இழைகள்; அவற்றுக்குள் ஆக்டின், மையோசின் என்னும் இரு புரதங்களின் மெல்லிய, தடித்த சரடுகள் ஒன்றுக்குள் ஒன்று விரல் கோத்தாற்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. தசை சுருங்கும்போது இச்சரடுகள் தாமாகக் குறுகுவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. 1954-இல் இரண்டு ஆய்வுக் குழுவினர், தனித்தனியே ஆராய்ந்து, ஒரே சமயத்தில் இதை வெளியிட்டனர். இரு குழுக்களிலும் ஹக்ஸ்லி என்ற பெயருடையவர் ஒருவர் இருந்தார். ஆனால் இருவரும் உறவினர் அல்லர்.

மையோசின் சரட்டில் சிறு தலைகள் புடைத்து நிற்கின்றன. ஒவ்வொரு தலையும் ஆக்டினைப் பற்றுகிறது, இழுக்கிறது, விடுகிறது. மீண்டும் சற்று முன்னே பற்றுகிறது. இதற்கான ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு தருகிறது. இங்குதான் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. பற்றுவதற்கு ஆற்றல் வேண்டும், விடுவது தானாக நிகழும் என்றுதான் எவரும் எண்ணுவர். உண்மை வேறு. இழுத்து முடித்த தலை, புதிய ஏ.டி.பி. வந்து சேரும்வரை பிடியை விடுவதே இல்லை. வந்து சேரும் மூலக்கூறு முதலில் செய்யும் பணி பிடியைத் தளர்த்துவதே. சுருங்கும்படி தூண்டிய கால்சியத்தைத் திரும்ப அதன் அறைக்குள் ஏற்றி வைப்பதற்கும் ஆற்றல் செலவாகிறது.

அந்த ஆற்றல் இல்லாமற் போனால் என்ன ஆகும்? உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துப் போவதைக் கண்டிருக்கிறோம். இறந்தவன் எதையும் பற்றுவதில்லை என்று நாம் சொல்கிறோம். அவனது தசையோ பற்றியதை விட வலிமையின்றிக் கிடக்கிறது. ஓரிரு நாளில் அந்த விறைப்பு நீங்குவதும் புரதங்கள் சிதைவதால்தான். அது விடுதலை அன்று, அழிவு.

சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புகள் நிறைந்தது. தளைக்கயிறு பூட்டி மரமேறும் தொழிலாளியைச் சற்று நின்று கவனித்தால் போதும். கைகள் பற்றியிருக்கக் கால்கள் விடுகின்றன. கால்கள் பற்றியதும் கைகள் விட்டு மேலே எட்டுகின்றன. பிடியை விட அஞ்சுகிறவன் மரத்தில் பாதி உயரத்திலேயே நிற்க வேண்டியதுதான். முழங்கையை மடக்கும் தசை இறுகும்போது அதற்கு எதிர்ப்புறத் தசை தளர்ந்து கொடுக்கிறது. தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே ஒன்று விட்டுக்கொடுக்காமல் மற்றொன்று பணி செய்ய இயலாது.

இதயத் தசையோ இதில் ஆசான். நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கும் அது ஓய்வே கொள்வதில்லை என்பது வழக்கமான பேச்சு. ஆனால், அமைதியாக இருக்கும் மனிதனிடம் ஒரு துடிப்புச் சுழற்சி ஏறத்தாழ 0.8 விநாடி, அதில் கீழறைகள் சுருங்கியிருப்பது சுமார் 0.3 விநாடி, மீதி நேரம் அவை தளர்ந்தே இருக்கின்றன. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இடது கீழறையின் சுவர், தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் அந்தத் தளர்ந்த பொழுதிலேயே பெறுகிறது. சினத்தால் துடிப்பு விரையும்போது முதலில் குறைவது அந்தத் தளர்வு நேரம்தான்! கொதித்து நின்ற இலக்குவனின் நெஞ்சில் நடந்ததும் இதுவாகவே இருக்கும்.

உவமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. தசைக்கு வைராக்கியம் கிடையாது. அது ஜடம், ஆன்மா அதற்குச் சாட்சி. இதை மறந்தால் வேதாந்தம் உடற்கூற்றியல் பாடமாகிவிடும். எனினும் கருவியின் இயல்பை அறிவது கருவியை உடையவனுக்கு நல்லது. 1897-இல் சென்னைச் சொற்பொழிவு ஒன்றில் சுவாமி விவேகானந்தர், தசைகளில் சற்று வலுவேறினால் இளைஞர்களுக்குக் கீதை இன்னும் நன்றாக விளங்கும் என்ற கருத்தை வலியுறுத்தினார். அதைக் கேட்டு அக்காலத்தில் திகைத்தவர்களும் இருந்திருப்பார்கள். கீதை கேட்பது பற்றற்ற செயல்; செயலாற்ற வலுவற்றவன் எதை விடுவான்?

ஸ்ரீராமர் உபதேசித்தது வலுவிழந்த ஒருவனுக்கு அன்று. வில்லைப் பற்றி நின்ற மாவீரனிடம், அதுவும் அவன் சினம் உச்சத்தில் இருந்தபோது, ‘விடு’ என்றார். அவன் விட்டான். கம்பர் காட்டும் சித்திரகூடத்தில், மூங்கில் வெட்டி நிரல்படுத்தி, நாணற்புல் வேய்ந்து, மண் பூசி அண்ணனுக்கும் அண்ணிக்கும் குடில் அமைக்கின்றன அதே கைகள். இவற்றை எப்போது கற்றாய் என்று அண்ணல் கண் கலங்கி நிற்கிறார்.