முந்துகிறவன்

எங்கள் வங்கிக் கவுண்டரில் பின்னால் நிற்பவன் முன்னவனின் சலானை எட்டிப் படித்தால் அது அநாகரிகம், அவ்வளவே. முன்னவனுக்கு ஒரு காசும் குறையாது. எத்தீரியம் என்ற பொதுப் பேரேட்டில் அப்படியல்ல. யூனிஸ்வாப் மாதிரியான தரகனற்ற நாணயச் சந்தையில் ஒருவன் வாங்க நினைத்தது, பேரேட்டில் ஏறுமுன் சில விநாடிகள் எல்லார் கண்ணிலும் படும்படி காத்துக் கிடக்கிறது. அதைப் படித்த ஒரு கணினி நிரல் கூடுதல் கூலி கொடுத்து முந்தி வாங்குகிறது. விலை ஏறுகிறது, இவன் ஏறிய விலைக்கு வாங்குகிறான், உடனே அது விற்றுவிடுகிறது. ‘ஒரு சதவீதம் நழுவினாலும் சம்மதம்’ என்று இவன் எழுதியிருந்தால், அந்த ஒரு சதவீதம் வரை பிடுங்கப்படும்.

இதில் பொய் எங்கே, திருட்டு எங்கே என்று கேட்கிறார்கள். பங்குத் தரகன் வாடிக்கையாளரின் ஆர்டரைப் பார்த்துவிட்டுத் தனக்கு முதலில் வாங்கினால் துரோகம், அவன் கடமைப்பட்டவன். நம்பிக்கையே வேண்டாமென்று கட்டிய சந்தையில் நம்பிக்கைத் துரோகம் எப்படி வரும்? கெட்டிக்காரத்தனமான வாதம். எனக்கு ஒப்புதலில்லை. அந்த நிரலுக்கு நாணயத்தின் மதிப்பைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது. இவன் வருகிறான் என்பதற்காகவே வாங்குகிறது. பிறன் உத்தேசத்தையே சரக்காக்குவது, யாரும் வாக்குக் கொடுக்காத இடத்திலும் தவறுதான்.

ஆனால் ஒரு வழக்கு என்னைக் குழப்பிவிட்டது. 2023 ஏப்ரலில் இத்தகைய நிரல்களுக்கே தூண்டில் போட்டு, சுமார் 12 விநாடிகளில் 2.5 கோடி டாலர் அளவுக்கு எடுத்துக்கொண்டதாக, எம்.ஐ.டி.யில் படித்த இரு சகோதரர்கள் மீது 2024 மே மாதம் நியூயார்க்கில் குற்றம் சாட்டப்பட்டது. பறிகொடுத்தவர்கள் பிறரை முந்தியே பிழைத்தவர்கள். 2025 நவம்பரில் ஜூரிகள் ஒருமித்து முடிவெடுக்க முடியாமல் விசாரணை கலைந்தது. அந்த ஜூரிகளிடம் எனக்கு மரியாதை உண்டு. குற்றச்சாட்டு உண்மையென்றால், என் வாதப்படி சகோதரர்களும் பிறர் உத்தேசத்தைத்தான் சரக்காக்கினார்கள், கண்டிக்க வேண்டும். மனசு வரமாட்டேனென்கிறது. இதை நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

தற்காப்புக்குப் பொதுக் காத்திருப்பைத் தவிர்த்து, தனிவழியில் நேரே பேரேட்டுப் பக்கம் தொகுப்பவரிடமே சேர்ப்பிக்கலாம். அதாவது எல்லாரிடமும் மறைத்துச் சிலரிடம் காட்டுவது. அவர்கள் முந்தமாட்டார்கள் என்று நம்ப வேண்டும் — நம்பிக்கையே வேண்டாமென்று தொடங்கிய இடத்தில். காவ் ஸ்வாப் போல, ஒரு தொகுதியில் ஒரே நாணயம் வாங்குவோருக்கெல்லாம் ஒரே விலை வைப்பது இன்னொரு வழி. உறையிட்டு அனுப்பி, வரிசை முடிவானபின் பிரிப்பதும் உண்டு. அதில் நேரமாகும், விலை பிடிக்காதவன் உறையைப் பிரிக்காமலே போய்விடுவான், அதற்கொரு பிணைத்தொகை கேட்க வேண்டிவரும். மெதுவாயிருந்தாலும் எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது.