குப்பிக்குள் எத்தனை உயிர்?

முருங்கைக் கிளையின் கணுத்துண்டு ஒன்றைக் கிருமி நீக்கி, கண்ணாடிக் குப்பியில் அகர் சேர்த்து உறையவைத்த ஊட்டக் கரைசலின்மேல் நிறுத்தினால், சில வாரங்களில் அதிலிருந்து பல தளிர்கள் கிளம்புகின்றன. அவற்றைப் பிரித்து வேரூன்றச் செய்தால், ஒவ்வொன்றும் தனி மரமாகும் தகுதியைப் பெறுகிறது. திசு வளர்ப்பு எனப்படும் இம்முறையைத் தாவர சாஸ்திரிகள் கன்றுகளைப் பெருக்கும் பிரயோஜனம் கருதியே கைக்கொண்டனராயினும், நம் தரிசனங்களின் பழைய வழக்கொன்று அக்குப்பிக்குள் மறுபடியும் விசாரணைக்கு வந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

ஊட்டத்தின் மகிமையை முதலில் சொல்லிவிட வேண்டும். புகையிலைத் திசுவுக்காக முராஷிகே, ஸ்கூக் என்னும் இருவர் 1962-இல் வகுத்த கரைசலே இன்று முருங்கைக்கும் பெரும்பாலும் பயன்படுகிறது. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையும் உப்புக்களும் வைட்டமின்களும் அடங்கிய அதில், சேர்க்கும் வளர்ச்சி ஊக்கிகளுள் சைட்டோகைனின் ஓங்கினால் தளிரும், ஆக்சின் ஓங்கினால் வேரும் தோன்றுகின்றன. பக்குவம் தவறினாலோ, தளிர்கள் நீர்கோத்துக் கண்ணாடிபோல் வெளிறி, வெளிக்காற்றைத் தாங்கமாட்டாமல் துவண்டுவிடுகின்றன. இவ்வளவு அதிகாரம் படைத்த கரைசல்தான் மரத்தை ஆக்குகிறதோ என்று ஐயுறுவார்க்குச் சைவ சித்தாந்திகளின் சற்காரியவாதம் தக்க விடை தரும்: இல்லது தோன்றாது; குடத்துக்குத் தண்டசக்கரம் போலக் கரைசல் துணைக்காரணமே. எந்தக் கரைசலில் இட்டாலும் முருங்கைத் திசு புகையிலையாக முளைப்பதில்லை அல்லவா?

வடிவத்துக்கு இவ்விடை போதும், எண்ணிக்கைக்குப் போதாது. ஆன்மா கூறுபடாதது என்றால், ஒரு மரத்தை நூறு துண்டாக்கியபோது நூறு உயிர்கள் எங்கிருந்து வந்தன? போத்து வெட்டி நட்ட நம் குடியானவன் இக்கேள்வியை எக்காலமும் கையில் வைத்திருந்தான்; அவனுக்குக் காய்தான் வேண்டியிருந்தது. ஆன்மாக்கள் அநாதியாய் எண்ணிறந்தன, உடம்பு அமைந்தவிடத்து வினைக்கீடாக ஓருயிர் அதில் கூட்டப்படும் என்பது சித்தாந்தம். ஆகவே கத்தி பிளந்தது உடம்பையே என்று சமாதானம் கூறலாம்.

ஆனால், அதே திசு சிலவகை ஊட்டத்தில் வேருமின்றித் தளிருமின்றி, 'கேலஸ்' என்னும் உருவமற்ற திரளாய்ப் பெருகுகிறதே, அது யாருடைய உடம்பு? சுவாசிக்கிறது, உண்கிறது, கிள்ளி வைத்த இடமெல்லாம் வளர்கிறது. இதில் ஓருயிர் என்பதற்கும் பலவுயிர் என்பதற்கும் எல்லை வகுக்க இயலவில்லை. கிழங்குகளிலும் அரும்பும் துளிர்களிலும் ஓருடம்பை அனந்த ஜீவன்கள் பொதுவாய்ப் பகிர்ந்து வாழ்கின்றன என்று சமணர் கூறியதை மிகைநுட்பம் என்று தள்ளியவர் பலர். கேலஸைக் கண்டபின் அச்சமணர் பக்கம் சாய்வது, சைவப் பற்றுடைய எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனினும் தளிர்விட்ட குப்பியைச் சித்தாந்தியிடம் கொடுத்துவிட்டு, கேலஸ் திரண்ட குப்பியைச் சமணரிடம் ஒப்படைப்பதே நியாயம் என்று எனக்குப் படுகிறது.