மூச்சுக்குக் காவல் யார்?



உங்கள் உயிரைப் பேணும் பொறுப்பு யாருடையது? பகலில் இக்கேள்வியைக் கேட்டால் தயங்காமல் "என்னுடையது" என்பீர்கள். ஆனால் இரவில் கண்மூடி, அறிவு அடங்கிக் கிடக்கும்போது அந்தப் பொறுப்பு என்னவாகிறது? விழித்திருக்கும் வேளைக்கு மட்டுமா நாம் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள்? இது வீண் தர்க்கமன்று. நம் வீடுகள் பலவற்றில் இரவுதோறும் எழும் கேள்வி.

குறட்டை விடுகிறவரைக் கும்பகர்ணன் என்று சொல்லிச் சிரிக்கிறோம். நன்றாகத் தூங்குகிறார் என்றும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் சிலருக்கு அந்தக் குறட்டை திடீரென நின்றுபோகிறது; மூச்சும் கூடவே நின்றுபோகிறது. பத்து நொடி, இருபது நொடி, சில சமயம் ஒரு நிமிடம். பிறகு திணறிக்கொண்டு, பெருமூச்சோடு திரும்புகிறது. இதற்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, காற்று செல்லும் வழி அடைபடுவதே காரணம். பத்து நொடியாவது மூச்சு நிற்பதை அல்லது மிகவும் குறைவதை ஒரு தடவை என்று கணக்கிடுகிறார்கள். மணிக்கு 5 தடவைக்கு மேல் நேர்ந்தால் நோய். 30 தடவைக்கு மேலென்றால் கடுமையான நோய். அவருக்குக் காலையில் தலைவலி, பகலில் தூக்கம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். இரத்தக் கொதிப்பும் கூடவே வரும். தூங்கியும் தூங்காதவர் அவர்.

இது பணக்காரர் நோய் என்றோ, மேனாட்டார் நோய் என்றோ எண்ண வேண்டாம். மும்பையில் நடுவயது ஆண்களைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 7.5 பேருக்கு இந்நோய் அறிகுறிகளுடன் காணப்பட்டது. இசையமைப்பாளர் பப்பி லாஹிரி 2022 பிப்ரவரியில் காலமானபோது, வைத்தியர்கள் கூறிய காரணங்களில் இதுவும் ஒன்று.

இதற்கு நல்ல பரிகாரம் உண்டு. வயலில் மோட்டாருக்கு மாட்டும் ஓஸ் குழாயைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பாயும்வரை அது விரிந்து நிற்கும். மோட்டாரை நிறுத்தினால் தட்டையாகி ஒட்டிக்கொள்ளும். தொண்டையும் அப்படியே. மூக்கின்மேல் மாஸ்க்கைப் பொருத்தி, ஒரு சிறு யந்திரம் இடைவிடாமல் காற்றை மெல்ல அழுத்திக் கொடுத்தால், வழி மூடாமல் திறந்தே நிற்கும். 4 முதல் 20 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தமே அதன் அளவு. ஒரு சாணுக்கும் குறைவு. இதுதான் சி-பாப் யந்திரம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர வைத்தியர் காலின் சல்லிவன் 1980-ல் இதை முதன்முதலாகச் செய்துபார்த்து, 1981-ல் உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன் கடுமையான நோயாளிக்குத் தொண்டையில் துளையிடுவதே வழி. துளையிட்டுக்கொள்ள மனமில்லாத ஒரு நோயாளி, இந்தப் புதிய சோதனைக்குத் தாமே முன்வந்து இசைந்தார். இந்த வைத்தியத்தின் பிறப்பிலேயே வைத்தியரின் அறிவும் நோயாளியின் துணிவும் கைகோத்திருந்தன என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் யந்திரம் வீட்டுக்கு வந்தபின் நடப்பதென்ன? பத்து நாள் மாட்டுகிறார்கள். மாஸ்க் மூக்கில் உறுத்துகிறது, காற்று கண்ணில் அடிக்கிறது, வாய் உலர்கிறது. பதினொன்றாம் நாள் அது பீரோவின்மேல் ஏறுகிறது. இருதய நோயும் இந்நோயும் சேர்ந்திருந்த 2,717 பேரைக்கொண்டு, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2016-ல் வெளியாயிற்று. யந்திரம் பெற்றவர்கள் அதைப் பயன்படுத்தியது இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரந்தான். பகல்தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. ஆனால் மாரடைப்பு முதலியவை குறையவில்லை. போதிய நேரம் போடாததே காரணமா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எப்படியாயினும், பீரோவின்மேல் இருக்கும் யந்திரம் எவருக்கும் மூச்சுக் கொடுக்காது.

"டாக்டர் சொன்னார், வாங்கிவிட்டேன்; என் கடமை தீர்ந்தது" என்பவருக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டலாம். 1957 நவம்பர் 24-ல், மூச்சளிக்கும் யந்திரங்களைப் பற்றி மயக்கமருந்து வைத்தியர்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பாப்பரசர் 12-ம் பயஸ் என்னும் பத்திநாதர் விடையளித்தார். அன்றைய பேச்சு உணர்விழந்து கிடக்கும் நோயாளிகளைப் பற்றியது. நமது யந்திரம் அப்போது இல்லை. ஆனால் அவர் வகுத்த இரு நெறிகள் நமக்கும் பொருந்தும். ஒன்று: உயிரையும் நலத்தையும் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வது மனிதனின் கடமை, தனக்கோ பிறர்க்கோ பெரும் பாரமாகும் வழிகளுக்கு அவன் கட்டுப்பட்டவனல்லன். மற்றொன்று: நோயாளியின் இசைவுக்குப் புறம்பாக வைத்தியருக்குத் தனியுரிமை இல்லை. அப்படியானால் வைத்தியர் வழிகாட்டி, பொறுப்பாளி நோயாளியே. அந்தப் பொறுப்பைக் கைமாற்றி விட முடியாது.

"படிப்பறிவு போதாத நான் வைத்திய விஷயத்தில் தலையிடலாமா? அது அகந்தையாகாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. மேலூர்ப் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள். மோட்டாரின் சத்தம் மாறினால் அவருக்குத் தெரியும். தண்ணீர் குறைந்தால் எங்கே கசிகிறது என்று ஓஸின் ஓரமாக நடந்து பார்ப்பார். மெக்கானிக் வரட்டும் என்று பயிரைக் காயவிட மாட்டார். ஆனால் காயில் கட்டத் தாமே உட்காரவும் மாட்டார். தம் வேலை எது, மெக்கானிக் வேலை எது என்று அவருக்குத் தெரியும். இந்த விவேகமே நமக்கு வேண்டியது.

உங்கள் வேலை எது? மாஸ்க் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. மதுரைக்காரர் மீசையை விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் அடர்ந்த மீசையின் வழியே காற்று கசியும். ஒன்று மீசை குறைய வேண்டும், அல்லது மாஸ்க் மாற வேண்டும். நமது புழுதிக் காற்றில் வடிகட்டி சீக்கிரம் கறுத்துப்போகும், பார்த்து மாற்றுங்கள். ஈரப்பதத் தொட்டியில் உப்புத்தண்ணீர் ஊற்றினால் வெள்ளைப்படலம் படியும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, தினமும் மாற்றுங்கள். மாஸ்க்கைச் சோப்பு நீரில் கழுவுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வதென்று முன்னதாகவே யோசித்து, இன்வெர்ட்டரில் இணைத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பல யந்திரங்கள் காலையில் கணக்குக் காட்டும்: எத்தனை மணி போட்டீர்கள், எவ்வளவு கசிந்தது, மணிக்கு எத்தனை தடவை மூச்சு அடைபட்டது என்று. அந்த மூன்று எண்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடைப்பு 5-க்குக் கீழிருந்தால் நன்று. அந்த நோட்டுடன் வைத்தியரிடம் போகிறவர் "என்னவோ சரியில்லை, ஐயா" என்று சொல்லி நிற்க வேண்டியதில்லை.

காற்றழுத்தத்தையே நாமாக மாற்றலாமா? கனடாவில் 18 நோயாளிகளைக்கொண்டு நடந்து 2003-ல் வெளியான சிறு ஆய்வில், நோயாளிகள் தாமே சரிசெய்துகொண்ட அழுத்தம், ஆய்வுக்கூடத்தில் குறித்த அழுத்தத்துக்குச் சளைக்கவில்லை. ஆகவே நோயாளியின் அனுபவ அறிவை எவரும் இகழ வேண்டாம். எனினும் அவர்களுக்கு முறை கற்றுத்தரப்பட்டிருந்தது. இருதய பலவீனமுள்ளவர், நுரையீரல் நோயுள்ளவர், தூக்கமாத்திரை உண்பவர் போன்றோருக்குத் தவறான அழுத்தம் தீங்கு செய்யக்கூடும். ஆதலால் உங்கள் நோட்டைக் காட்டி, "இவ்வளவு மாற்றிப் பார்க்கலாமா?" என்று வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். கேட்பது அடிமைத்தனமன்று. கேளாமலே இருப்பது பணிவுமன்று.

உங்கள் யந்திரத்தின் பெயரும் வரிசை எண்ணும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் யந்திரங்களில் லட்சக்கணக்கானவற்றைத் திரும்ப அழைத்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து, மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்பதே காரணம். தம்மிடமிருப்பது எது என்று அறிந்தவர்களே விசாரித்து ஆவன செய்ய முடிந்தது.

"என் உடம்பு, என் இஷ்டம், போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன?" என்பார் சிலர். பொறுப்பு உம்முடையது என்றால் இஷ்டம் உம்முடையது என்று பொருளல்ல. இரவெல்லாம் மூச்சடைத்தவர் காலையில் லாரியின் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண் ஒரு நொடி சொக்கினால், எதிரே பைக்கில் வரும் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? தூக்கத்தில் நடந்ததற்கு நாம் குற்றவாளிகளல்லர். ஆனால் அதைத் தடுக்கும் வழி தெரிந்திருந்தும் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தால், அது விழித்திருந்து செய்த தீர்மானம் அன்றோ?

ஏழைக்கு என்ன சொல்வது? யந்திரம் பல ஆயிரம் ரூபாய் விலை. கடன்பட்டுக் குடும்பத்தைப் பட்டினி போட்டு வாங்க வேண்டும் என்று எந்த அறநெறியும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதனால் கைகட்டி உட்காரவும் வேண்டாம். அரசு இராசாசி மருத்துவமனையின் நெஞ்சகநோய்ப் பிரிவில் போய்க் காட்டுங்கள். உடல் எடையைக் குறையுங்கள், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள், மதுவை விடுங்கள். இவை யந்திரத்துக்கு முழு ஈடாகா. ஆனால் பலருக்குப் பயன் தரும், செலவும் இல்லை. வசதியுள்ள உறவினரே, தூக்கம் கெட்ட உங்கள் தம்பிக்கு ஒரு யந்திரம் வாங்கிக் கொடுப்பது, கலியாணத்துக்குப் பந்தல் பெரிதாகப் போடுவதைவிட மேலான உதவி.

கடைசியாக, பக்கத்தில் படுப்பவருக்கு ஒரு சொல். அம்மா, உங்கள் கணவரின் மூச்சு நிற்பதை அவர் அறியார், நீங்களே அறிவீர்கள். பாதியிரவில் விழித்து எண்ணிக்கொண்டு கிடந்தவர் நீங்கள். அதை வெட்கத்தாலோ பொறுமையாலோ மறைக்காதீர்கள். வைத்தியரிடம் கூடவே போய்ச் சொல்லுங்கள். ஆனால் கணவரின் பொறுப்பை முழுவதும் நீங்கள் சுமக்க வேண்டாம். மாஸ்க்கை மாட்டிவிடும் கை உங்களுடையதாக இருந்தால், அவர் தம் கடமையைக் கற்கவே மாட்டார். ஐயா, நீங்களே மாட்டுங்கள், நீங்களே கழுவுங்கள், நீங்களே எழுதுங்கள்.

இன்றிரவு பீரோவின்மேல் இருக்கும் யந்திரத்தை இறக்கித் தூசி தட்டுங்கள். ஒரு மணி நேரமே போட முடிந்தாலும் போடுங்கள். நாளை இரண்டு மணியாகட்டும். தூங்கும்போது நம்மால் நம்மைக் காக்க இயலாது. ஆனால் தூங்கப் போகுமுன் அந்தக் காவலை ஏற்பாடு செய்ய இயலும். நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவே.