சிறுத்த மீனும் சிறுக்காத பெருமிதமும்

அமெரிக்காவின் கீவெஸ்ட் துறையில் தூண்டிலிட்டோர் தாம் பிடித்த மீன்களோடு எடுப்பித்த படங்களை லோரன் மக்ளெனக்கன் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். 1956இல் மீனின் சராசரி நிறை ஏறத்தாழ 20 கிலோ, 2007இல் 2.3 கிலோ. முகங்களிலோ அதே பெருமிதம்! மீன்வள அறிஞரிற்கூட ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழில் தொடங்கிய காலத்துக் கடலையே அளவுகோலாகக் கொள்கிறது என்று 1995இல் டானியல் போலி எழுதினார்.

அறியாமை பொறுப்பை நீக்குமா? நீக்காது என்றே நாம் கருதுகிறோம். பழைய படங்கள் பொதுநூலகத்திலேயே இருந்தன. எடுத்து ஒப்பிட ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவே. மேலும், பொழுதுபோக்குக்காகத் தூண்டிலிடுபவனுக்கு மீன் சிறுத்தால் படம் சிறுக்கும். கடற்றொழிலாளிக்கோ உலை அணையும்.

இலங்கையில் இழுவைமடி 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அம்மடிக்கு முந்திய வடகடலை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். எம் மாணவர் குறிப்பேட்டோடு அவர்களிடம் செல்லட்டும்.