வலி மனத்தில் என்றால் பொய்யா?



வீட்டில் ஒருவர் மாதக்கணக்காய் முதுகு வலிக்கிறது என்கிறார். படம் எடுத்தாயிற்று, இரத்தம் சோதித்தாயிற்று, வைத்தியர் குறை ஒன்றும் காணவில்லை. உடனே நாம் என்ன சொல்லுகிறோம்? "எல்லாம் மனசுதான், வேலைக்குச் சாக்கு" என்கிறோம். இப்படித் தீர்ப்புச் சொல்ல நமக்கு நியாயமுண்டா? சற்றே யோசிப்போம்.

வலி, காயத்தை நிறுத்துக் காட்டும் தராசு அன்று. இரண்டாம் உலக யுத்தத்தில், 1944-ல், இத்தாலியப் போர்முனையில் பணிபுரிந்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர், பலத்த காயமுற்ற சிப்பாய்களை விசாரித்தார். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவரே வலிக்கு மருந்து கேட்டார். உயிர் தப்பினோம், இனி யுத்தமில்லை என்ற ஆறுதலே மற்றவர்களின் வலியைத் தணித்தது என்று பீச்சர் கருதினார். ஆறுதல் வலியைக் குறைக்குமானால், கவலை அதைக் கூட்டுமல்லவா?

எப்படிக் கூட்டும்? மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள், முதுகுத்தண்டு நரம்பில் வலிக்கு ஒரு வாசல் உண்டு, மூளை அதைத் திறக்கவும் அடைக்கவும் கூடும் என்று 1965-ல் எழுதினார்கள். அக்கொள்கையின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன; ஆனால் மூளையிலிருந்து இறங்கும் கட்டளை வலியைப் பெருக்கவும் தணிக்கவும் வல்லது என்பது நிலைத்துவிட்டது. மேலும், மூளையின் முன்பக்கத்தில், இரு பாதிகளும் சேரும் உட்புறத்தில் ஒரு பகுதி உண்டு. வலியின் கொடுமையை உணருவதிலும் கவலைப்படுவதிலும் அதற்குப் பங்குண்டு. 2015-ல் வெளியான எலி ஆராய்ச்சி ஒன்றில், காயமும் அச்சமும் அவ்விடத்து நரம்பிணைப்புகளை ஒரே விதமாக வலுப்படுத்தக் கண்டார்கள். வலி கவலையை வளர்க்கிறது. கவலை வலியை வளர்க்கிறது.

ஆகையால், "மனசுதான்" என்றால் பொய் என்று பொருளில்லை. மூளையும் சரீரத்தின் அங்கமே. படத்தில் தெரியாததெல்லாம் இல்லாததாகிவிடாது. சர்வதேச வலி ஆராய்ச்சிச் சங்கம் 2020-ல் வலியின் இலக்கணத்தைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்றே குறித்தது.

"பாவனை செய்கிறவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. பாவனைக்காரனை நம்பினால் நமக்குச் சில நாள் வேலை நஷ்டம். உண்மையாய் வருந்துகிறவரைப் பொய்யர் என்றாலோ, வலியோடு அவமானத்தையும் அவர் சுமக்கிறார். அந்த அவமானமே கவலையாகி வலியைப் பெருக்குகிறது. இவற்றில் எது பெரிய தீங்கு? நாம் அறியாத ஒன்றைக் குறித்து அயலானைப் பொய்யன் என்பது பொய்ச்சாட்சிக்கு எவ்வளவு தூரம்?

நிற்க. நம்புவது என்றால் கட்டிலோடு கிடக்கவிடுவது அல்ல. அசைந்தால் ஆபத்து என்று பயந்து முடங்கினால் உடல் தளர்ந்து வலி கூடும். வைத்தியர் சொன்ன அளவு நடக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட நடங்கள். புதிதாய் வந்த வலியைக் கவலை என்று தள்ளாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வருந்துகிறவர்களே, கவலைக்கும் வைத்தியம் செய்துகொள்ள வெட்கப்படாதீர்கள். அதனால் உங்கள் வலி பொய்யாகிவிடாது.

இனி வீட்டில் ஒருவர் வலிக்கிறது என்றால், "எங்கே? எப்போது முதல்?" என்று பொறுமையாய்க் கேளுங்கள். செலவில்லாத மருந்து அது. அதைக் கொடுக்க வைத்தியராக இருக்க வேண்டியதில்லை.