போவதா, இருப்பதா?

சாந்தோம் பேராலயத்தின் பின்புறம், கடலை நோக்கிச் செல்லும் வழியின் முடிவில் ஒரு மரக்கம்பம் நிற்கிறது. புனித தோமையார் கம்பம் என்று அதனை மக்கள் அழைக்கின்றனர். கடல் ஒதுக்கிய பெருமரம் ஒன்றை அரசனின் யானைகளாலும் அசைக்க முடியாதிருந்தபோது, தோமையார் தம் இடைக்கச்சையைக் கட்டி அதனை இழுத்துவந்தார் என்பது மரபு. 1572இல் வெளிவந்த போர்த்துக்கீசியக் கவிஞர் கமோன்ஷின் காவியமும் அந்த மரத்தின் கதையைச் சொல்கிறது. இந்தக் கம்பத்தைத் தாண்டிக் கடல் வராது என்று திருத்தூதர் உறுதியளித்ததாகவும் நம் முன்னோர் சொல்லிவந்தனர்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. இரண்டரை மணி நேரத்தில் கடல் நம் கரையில் ஏறியது. பேராலயத்தை அது தொடவில்லை. கம்பம் காத்தது என்று மக்கள் கண்ணீரோடு நன்றி கூறினர். அந்நன்றியை நான் குறைகூறவில்லை. ஆனால் அதே காலையில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் குடிசைகள் அழிந்தன. வேளாங்கண்ணிக் கடற்கரையில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்திருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். தமிழகம் முழுவதிலும் உயிரிழந்தோர் ஏறத்தாழ 8,000 பேர்.

அப்போது நான் தென்சென்னைக் கடற்கரைப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். பள்ளிக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு மீனவத் தாய், கைம்பெண், என்னிடம் கேட்டார்: “கம்பம் கோயிலைக் காப்பாத்துச்சுன்னு சொல்றாங்களே சாமி, எங்க குடிசையை ஏன் காப்பாத்தல?” குருமடத்தில் எட்டாண்டுகள் இறையியல் பயின்றவன் நான். எனக்கு விடை வரவில்லை.

சில மாதங்கள் கழித்து அவரே வேறொரு கேள்வியோடு வந்தார். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்போர் வேறிடம் சென்றால் புதுவீடு கிடைக்கும். அங்கேயே இருக்க விரும்பினால் வீடு கட்ட அரசின் உதவி கிடையாது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. செம்மஞ்சேரியில் வீடு தருகிறார்கள்; போவதா, இருப்பதா? “நீங்க சொன்னா போறேன் சாமி” என்றார். அந்த இரண்டாவது கேள்விதான் இன்றுவரை என்னை விடவில்லை.

இக்கேள்வி புதியதன்று; நமக்கு மட்டும் உரியதுமன்று. நம் சாந்தோமைப் போலவே ஒரு திருத்தூதரின் பெயரைத் தாங்கிய நகரம் ஒன்று கடல்களுக்கு அப்பால் மத்திய அமெரிக்காவில் உண்டு. இன்று ஆன்டிகுவா குவாத்தமாலா எனப்படும் அந்நகரை எசுப்பானியர் புனித யாக்கோபின் பெயரால் சாந்தியாகோ என்று அழைத்தனர். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லின் முடியும் எசுப்பானிய மன்னரின் தலையில்தான் இருந்தது. ஆகவே 1606இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் மயிலாப்பூர் மறைமாவட்டத்தை உருவாக்கியபோது, தோமையாரின் நகரும் யாக்கோபின் நகரும் ஒரே மன்னரின் ஆட்சியில் இருந்தன. நமது நகருக்குக் கடல் அண்டை வீடு. அவர்களது நகருக்கு எரிமலைகள் அண்டை வீடு.

மூன்று மலைகள் அந்நகரைச் சூழ்ந்து நிற்கின்றன. ஒன்று அக்கத்தெனாங்கோ. மற்ற இரண்டின் பெயர்களுக்கும் பொருள் தண்ணீர், நெருப்பு. தண்ணீர் மலையின் சரிவிலேதான் நகரம் முன்பு இருந்தது. 1541 செப்டம்பரில் பெருமழைக்குப் பின் அம்மலையிலிருந்து சேறும் பாறையும் இரவில் இறங்கி நகரைப் புதைத்தன. மக்கள் சற்றுத் தள்ளிப்போய் 1543இல் பள்ளத்தாக்கில் புது நகரை அமைத்தனர். அங்கும் நிலம் பலமுறை நடுங்கியது. 1773 ஜூலை 29, புனித மார்த்தா திருநாளன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் கோயில்களும் துறவு மடங்களும் இடிந்தன. தலைநகரையே மாற்றுவது என்று ஆளுநர் முடிவு செய்ய, மன்னர் ஒப்புதல் அளித்தார். 1776இல் தலைநகரம் வேறு பள்ளத்தாக்குக்குச் சென்றது.

எல்லாரும் செல்லவில்லை. பேராயர் பெத்ரோ கோர்த்தேஸ் இ லாராஸ் மறுத்து நின்றார். தம்மை அகற்றும்வரை அவர் அந்த இடிபாடுகளை விட்டு அகலவில்லை. அவரது பிடிவாதத்தில் திருச்சபையின் கட்டடங்களும் வருமானமும் போய்விடுமே என்ற கவலையும் கலந்திருந்தது. அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் போக வழியற்றவர்களும் போக மனமற்றவர்களும் பலர் அங்கே இருந்தனர். புதிய தலைநகரைக் கட்ட உடலுழைப்பைத் தந்தவர்களோ பெரும்பாலும் அம்மண்ணின் பூர்வகுடிகள். யாருடைய பாதுகாப்புக்காக நகரம் இடம்பெயர்ந்தது, அதற்கு யார் விலை கொடுத்தனர் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

பிறகு நடந்ததோ மனித முன்மதியைத் தாழ்த்தும் செய்தி. பாதுகாப்பானது என்று தேர்ந்தெடுத்த புதிய தலைநகரம் 1917, 1918 ஆண்டுகளின் நிலநடுக்கங்களில் சிதைந்தது. 1976 பிப்ரவரியில் மீண்டும் நடுங்கியது. அந்நாட்டில் சுமார் 23,000 பேர் இறந்தனர். கைவிடப்பட்ட பழைய நகரமோ இன்றும் மக்கள் வாழும் ஊராக நிற்கிறது; 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் இருப்பதே அறிவு என்றும் சொல்லிவிட முடியாது. 2018 ஜூன் 3 அன்று நெருப்பு மலை வெடித்தபோது ஆன்டிகுவா நகரம் தப்பியது; மலையின் மறுசரிவில் இருந்த சான் மிகேல் லோஸ் லோத்தஸ் என்ற ஏழைகளின் குடியிருப்பு கொதிக்கும் சாம்பலுக்குள் புதைந்தது. அருகிலிருந்த உல்லாச விடுதியின் விருந்தினர் முன்னதாகவே வெளியேறிவிட்டனர். பேராலயம் தப்பிய காலையில் சீனிவாசபுரம் அழிந்ததை இங்கே நாம் நினைவுகூராமல் இருக்க முடியுமா?

அப்படியானால் இருப்பது நம்பிக்கையா, போவது நம்பிக்கையின்மையா? திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. ஆலயத்தின் உச்சியில் நின்ற இயேசு, இறைத்தந்தை தாங்குவார் என்று சொல்லிக் குதித்துவிடவில்லை. நம்மால் செய்யக்கூடியதைச் செய்யாமல் கடவுளின் உதவியை மட்டும் எதிர்பார்ப்பது அவரைச் சோதிப்பது என்பது புனித தோமா அக்குவினாரின் தீர்ப்பு. கம்பம் இருக்கிறது என்று அலைக்கு முன்னே குழந்தையைக் கிடத்துவது விசுவாசமன்று. அதேபோல், அழிந்தவர்கள் பாவிகள், தப்பியவர்கள் நீதிமான்கள் என்ற கணக்கையும் நம் ஆண்டவர் ஏற்கவில்லை. சிலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்து அவர் சொன்னது நாம் அறிந்ததே. எனவே அந்தத் தாயின் முதல் கேள்விக்கு நான் இவ்வளவே சொல்ல முடியும்: கோயில் தப்பியது கோயிலின் புண்ணியத்தால் அன்று, குடிசை அழிந்தது குடிசையின் குற்றத்தால் அன்று. கோயில் மேட்டில் இருந்தது. குடிசை மணலில் இருந்தது. ஏழைக்கு ஏன் மணல்தான் கிடைத்தது என்று கடவுளிடம் கேட்குமுன் நம்மிடமே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். நான் அன்று, “போங்கம்மா” என்றேன். நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். சுவர் உள்ள வீடு, கடலுக்குத் தொலைவு, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று காரணங்களையும் அடுக்கினேன். அவர் போனார். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவு. விடியுமுன் கரையில் நிற்க வேண்டிய மகனால் அங்கிருந்து வந்துபோக முடியவில்லை. படகில் இருந்த தன் பங்கை விற்றுவிட்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேன் ஆனான். தெருத்தெருவாக மீன் விற்ற தாய்க்கு, மீன் வாங்கவும் வழியில்லை, விற்கவும் தெருவில்லை.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியான செம்மஞ்சேரியும் மூழ்கியது. தரைத்தள வீட்டில் இருந்த அவரை மாடிப்படியில் கண்டேன். கோபமில்லாமல்தான் சொன்னார்: “அங்க கடல் வந்துட்டுப் போயிடுச்சு சாமி. இங்க வந்த தண்ணி போக மாட்டேங்குது.”

அன்று திரும்பி வரும் வழியில் என் மனச்சான்றை ஆய்வு செய்தேன். நான் சொன்ன அறிவுரை தவறா? அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கேயே தங்கியவர்களின் வீடுகள் சிலவற்றைப் பின்னாளில் கடலரிப்பு தின்றுவிட்டது. இருக்கச் சொல்லியிருந்தால் அதுவும் ஒருநாள் என்னைக் குற்றம் சாட்டியிருக்கும். என் குற்றம் வேறிடத்தில் இருந்தது. அவர் குடிபெயர்ந்து போன பத்தாண்டுகளில், வெள்ளம் வருமுன் நான் அங்கே சென்றது இருமுறை மட்டுமே. அவர் இப்போது வேறு பங்கின் மக்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பத்தின் வாழ்வை ஒரு சொல்லால் திருப்பிவிட்டு, அச்சொல்லின் விளைவைச் சுமக்க நான் அங்கே இல்லை.

வடஆப்பிரிக்காவில் வந்தாலர் படையெடுத்து வந்தபோது, ஆயர்கள் தப்பியோடலாமா என்று ஹொனொராத்துஸ் என்ற ஆயர் புனித அகுஸ்தினாரிடம் கேட்டார். அகுஸ்தினாரின் விடையின் சாரம் இது: எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும், அல்லது போக முடியாதவர்கள் இருந்தால், அவர்களுக்குத் தேவையானவர்கள் அவர்களை விட்டுப் போகாதிருக்கட்டும். போவது சரியா, இருப்பது சரியா என்று அவர் பொதுவிதி எழுதவில்லை. யார் யாரை விட்டுப் போகிறார்கள் என்று மட்டுமே கேட்டார். அவரோ முற்றுகையிடப்பட்ட ஹிப்போ நகரிலேயே தம் மக்களோடு இருந்து 430இல் கண்மூடினார்.

எனக்குப் புரிந்தது இதுவே. ஆபத்தான இடத்தில் வாழ்பவருக்கு, “போ” என்று சொல்பவன் கூடப் போக வேண்டும். “இரு” என்று சொல்பவன் கூட இருக்க வேண்டும். இரண்டும் முடியாதவன் முதலில் வாய்மூடிக் கேட்க வேண்டும். வலையை எங்கே உலர்த்துவாய், மீனை எங்கே விற்பாய், நோய் வந்தால் யார் வருவார் என்று அவன் கேட்கட்டும். முடிவு அபாயத்தைச் சுமப்பவருடையதாக இருக்கட்டும். குழந்தையை எடுத்துக்கொண்டு எகிப்துக்குப் போகும்படி சொன்ன இறைவன், அக்குழந்தையாகவே அவ்வழியில் உடன் சென்றார் அன்றோ!

நம்மில் பலர் மயிலையிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் உறுதியான வீடுகளில் வாழ்கிறோம். நம் சமையலறைக்கு மீன் தந்தவர்களும் நம் பாத்திரம் துலக்கியவர்களும் ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் நகரின் எல்லைக்கு அப்பால் சென்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களின் பாதுகாப்புக்காக என்று நாமும் தலையசைக்கிறோம். அவர்கள் போன இடத்துக்கு நம்மில் எத்தனை பேர் ஒருமுறையேனும் போயிருக்கிறோம்?

அந்தத் தாய் இன்றும் செம்மஞ்சேரியில்தான் இருக்கிறார். இப்போது மாதம் ஒருமுறை செல்கிறேன். கடந்தமுறை சென்றபோது, சாந்தோம் கம்பம் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறது என்றேன். “இருக்கட்டும் சாமி. நீங்க மறுபடியும் வாங்க” என்றார்.